கூச்சமா, காயமா?

பத்திரிகையில் வேலை பார்க்கிறவன் என்று தெரிந்துவிட்டால் போதும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் இரண்டு கேள்வி கேட்பார். ஒன்று, “அடுத்த எலெக்‌ஷன்ல யார் சார் வருவாங்க?” இன்னொன்று, “அந்தப் புதுப் படம் ஃபேமிலியோட பாக்கலாமா சார்?”

முதல் கேள்விக்கு ஏதாவது சொல்லித் தப்பித்துவிடலாம். இரண்டாவதுதான் கஷ்டம். படத்தைப் பற்றிய கேள்வி மாதிரித் தெரிந்தாலும், அது குடும்பத்தைப் பற்றிய கேள்வி. அதனால் இப்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்கிறேன்: “உங்க ஃபேமிலியில யார் யார் இருக்காங்க?”

கேட்டவர் ஒரு மாதிரி பார்ப்பார். “நான், மிஸஸ், ரெண்டு பசங்க, அம்மா... ஏன் சார்?”

ஏன் என்று சொல்கிறேன்.

‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்று நம் ஊரில் எதைச் சொல்கிறோம்? நல்ல படம் என்றா? இல்லை. நல்ல கருத்து என்றா? அதுவும் இல்லை. சோபாவில் அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி என்று வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது யாரும் நெளிய வேண்டியிருக்காது என்று அர்த்தம். அவ்வளவுதான்.

இந்த நெளிதல் வீட்டில் பார்க்கும்போதுதான் அதிகம். தியேட்டரில் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். எல்லோர் முகமும் திரையைப் பார்த்திருக்கிறது. பக்கத்தில் இருப்பது அப்பாவா, அடுத்த தெருக்காரரா என்பதுகூட மறந்துபோகும். வீட்டு ஹாலில் டியூப்லைட் எரிகிறது. அப்பாவின் முகம் மகளுக்குத் தெரிகிறது, மகளின் முகம் அப்பாவுக்குத் தெரிகிறது. திரையில் இருவர் நெருங்கினால் போதும், அப்பாவுக்கு அன்றைய பேப்பர் ஞாபகம் வரும். அம்மாவுக்கு அடுப்பில் பால் ஞாபகம் வரும். பையன் அவசரமாக செல்போனைத் தடவுவான். பாட்டி மட்டும் தைரியமாகச் சொல்வாள்: “அந்தக் கருமத்த மாத்துடா!”

இந்தக் கூச்சத்தை நான் கிண்டல் செய்யவில்லை. அப்பாவுக்கும் விஷயம் தெரியும், மகனுக்கும் தெரியும், ஒருவருக்குத் தெரியும் என்பது அடுத்தவருக்கும் தெரியும். ஆனாலும் தெரியாதது போல இருந்துகொள்கிறோம். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. தனியாகப் பார்த்தால் ஒன்றும் தோன்றாத காட்சி, சேர்ந்து பார்த்தால் சங்கடமாவது உறவின் காரணமாகத்தான். அந்த உறவுக்காக நான்கு நிமிஷம் சேனலை மாற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை.

என் கேள்வி வேறு. நெளியவைக்கிற காட்சிக்கு உடனே ரிமோட்டைத் தேடுகிறோம். காயப்படுத்துகிற காட்சிக்கு ஏன் தேடுவதில்லை?

2007-ல் வந்த ‘சிவாஜி’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘யு’ சான்றிதழ் பெற்ற படம். குழந்தை குட்டியோடு நாமெல்லாம் பார்த்துச் சிரித்த படம். அதில் இரண்டு பெண்களைக் கறுப்பாக ஒப்பனை செய்து நிறுத்தியிருப்பார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் மிரள்வதுதான் காமெடி. அவர்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பாரி வள்ளலின் மகள்கள் என்று தமிழ் மரபு போற்றுகிற பெயர்கள். அப்போது கண்டனங்களும் வந்தன. ஆனால் எத்தனை வீட்டில் அந்தக் காட்சிக்கு “சேனலை மாத்து” என்று குரல் எழுந்திருக்கும்?

1992-ல் ‘மன்னன்’ வந்தது. கம்பெனியை நடத்துகிற திறமைசாலியான கதாநாயகி, கடைசியில் வீட்டைக் கவனித்துக்கொண்டால் போதும் என்று உட்கார்ந்துவிடுவார். குடும்பம் குடும்பமாகக் கை தட்டினோம். காலையில் எழுந்து, சமைத்துவைத்து, பஸ் பிடித்து ஆபீஸ் போய் வந்த பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் கை தட்டினார்களா என்று யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் பக்க வடிவமைப்பு செய்யும் பெண் ஒருவர் இருக்கிறார். கறுப்பு நிறம். கெட்டிக்காரி. ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: “ஒம்பதாவது படிக்கிறப்ப ஒரு பட காமெடியில வர்ற பேரை எனக்குப் பட்டப்பேரா வெச்சுட்டாங்க சார். ஸ்கூல்ல இல்ல, வீட்டுல. சித்தப்பா பசங்க. ரெண்டு வருஷம் அந்தப் பேர்தான். அந்தப் படம் தீபாவளி, பொங்கல்னா டி.வி.யில வந்துடும். எல்லாரும் ஹால்ல உக்காந்து சிரிப்பாங்க. எனக்குத் தலைவலின்னு சொல்லிட்டு மொட்டைமாடிக்குப் போயிடுவேன். எங்கம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் அது தலைவலின்னுதான் நெனப்பு.”

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. ஒன்றா, இரண்டா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே ஹாலில் முத்தக் காட்சி வந்திருந்தால் எட்டுப் பேரும் நெளிந்திருப்பார்கள். உடனே சேனல் மாறியிருக்கும். நிறத்தைக் கிண்டல் செய்யும் காட்சியில் ஏழு பேர் சிரிக்கிறார்கள், ஒருத்தி எழுந்து போகிறாள். சேனல் மாறவில்லை. கூச்சம் எல்லோருக்கும் பொதுவாக வருகிறது. அதனால் அதற்கு மெஜாரிட்டி கிடைத்துவிடுகிறது. காயம் ஒருவருக்கு மட்டும் வருகிறது. மற்றவர்களின் சிரிப்புச் சத்தத்தில் அது காதில் விழுவதே இல்லை.

கறுப்பான பெண் மட்டும் இல்லை. குழந்தை இல்லாத அத்தை, திக்கிப் பேசும் மாமா, குண்டான தம்பி, கணவனை இழந்த பெரியம்மா என்று நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் இருக்கிறார். நம் காமெடி டிராக்குகளில் இவர்களில் ஒருவரையாவது தொடாமல் போனவை எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

“அதுக்குத்தான் சென்சார் இருக்கே” என்பீர்கள். இருக்கிறது. 1952-ம் வருடச் சட்டம். முதலில் ‘யு’, ‘ஏ’ என்று இரண்டே வகை. 1983-ல் நடுவில் ‘யு/ஏ’ வந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் யோசித்துக் காட்ட வேண்டும் என்று அர்த்தம். 2023-ல் சட்டத்தைத் திருத்தி, அந்த ‘யு/ஏ’வையே 7, 13, 16 என்று மூன்று வயதுகளாகப் பிரித்தார்கள். ஓ.டி.டி.க்கும் 2021-லிருந்து இதே மாதிரி வயது வரிசை உண்டு. பூட்டுப் போட வசதியும் உண்டு.

எல்லாம் சரி. ஆனால், இந்த அளவுகோல் நிலையானது இல்லை. 1951-ல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த ‘மர்மயோகி’க்கு ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தார்கள். ஆபாசம் எதுவும் இல்லை. பேய் நடமாடுவது போன்ற காட்சிகள் இருந்ததுதான் காரணம்! இன்றைக்கு யு.கே.ஜி. குழந்தை பேய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டே பருப்பு சாதம் சாப்பிடுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. நான் படித்தது பி.காம். என்பதால் இது என் கண்ணில் படாமல் போகாது. 2006-ல் தமிழக அரசு, தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி இல்லை என்றது. 2011-ல், பெயர் மட்டும் போதாது, ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை சேர்த்தார்கள். அன்றிலிருந்து ‘யு’ என்ற ஒற்றை எழுத்துக்கு ரூபாய் மதிப்பு வந்துவிட்டது. ‘யு/ஏ’ என்று சொன்னால், “எதை வெட்டினா ‘யு’ கிடைக்கும்?” என்று தயாரிப்பாளர் கேட்க ஆரம்பித்தார். தப்பில்லை. போட்ட முதலை எடுக்க வேண்டுமே. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. ஆனால், அந்த ஆறு வருஷமும் ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்பது ஒழுக்கத்தின் முத்திரையாக மட்டும் இல்லை, வரிச் சலுகையாகவும் இருந்தது. அந்த எழுத்தை நம்பி நாம் யோசிப்பதை நிறுத்திவிட முடியுமா?

சான்றிதழ் தருகிறவர்கள் ரத்தத்தைப் பார்ப்பார்கள், ஆடையைப் பார்ப்பார்கள், கெட்ட வார்த்தைக்கு ‘பீப்’ போடுவார்கள். உங்கள் சோபாவின் ஓரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அது உங்களுக்குத்தான் தெரியும்.

2015-ல் ‘குற்றம் கடிதல்’ என்று ஒரு படம் வந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுவன், பிறந்தநாள் கொண்டாடும் வகுப்புத் தோழிக்கு முத்தம் கொடுத்துவிடுகிறான். விசாரிக்கிற டீச்சர் கோபத்தில் ஓர் அறை விடுகிறார். பையன் மயங்கி விழுகிறான். அதற்குப் பிறகுதான் கதை. குழந்தையின் முத்தத்துக்கு நெளிந்துவிட்டு, குழந்தை வாங்கிய அறையைச் சாதாரணமாகக் கடந்துபோகிற நம் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுகிற படம் அது. “டாபிக் கொஞ்சம் ஒரு மாதிரி” என்று யாராவது அதை ஒதுக்கியிருந்தால், அந்த வீட்டுக்கு நஷ்டம்.

அதற்கு முப்பது வருஷம் முன்னால், 1985-ல் ‘சிந்து பைரவி’. மனைவி இருக்கும்போதே இன்னொரு பெண்ணோடு உறவு வைத்துக்கொள்கிற பாடகரின் கதை. விஷயத்தை மட்டும் சொன்னால் எந்தப் பாட்டியும் மூஞ்சியைச் சுளிப்பாள். ஆனால் அந்தப் பாட்டிகளே பார்த்தார்கள், ரசித்தார்கள், மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து விவாதித்தார்கள். காரணம், அந்தப் படம் தப்பு செய்தவரையும், தவித்தவரையும், ஏமாந்தவரையும் மனிதர்களாக நடத்தியது. ஆக, என்ன விஷயம் என்பதைவிட, அந்த விஷயத்துக்குள் மாட்டிக்கொண்ட மனிதர்களைப் படம் எப்படி நடத்துகிறது என்பது பெரிது.

“ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கணும் சார். எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிச்சா படமே பாக்க முடியாது” என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான். ஆனால், ‘ஜோக்காக எடுத்துக்கொள்’ என்று யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? சிரிக்கிறவர், சிரிக்கப்படுகிறவருக்குச் சொல்கிறார். இதுவரை ஒருதடவைகூட எதிர்த் திசையில் அந்த அட்வைஸ் போனதை நான் பார்த்ததில்லை.

படத்தைத் தடை செய்யுங்கள், பழைய காமெடியையெல்லாம் வெட்டி எறியுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. அப்படி வெட்டினால், நாம் எப்படிப்பட்ட விஷயத்துக்கெல்லாம் சிரித்தோம் என்பதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போய்விடும். சேனலைக்கூட மாற்ற வேண்டாம்.

ஒரே ஒரு காரியம் போதும். அந்த மாதிரிக் காட்சி வரும்போது, வீட்டில் பெரியவராக இருப்பவர் ஒரு வாக்கியம் பேச வேண்டும். “இதுல என்ன சிரிப்பு இருக்கு?” இவ்வளவுதான். பிரசங்கம் வேண்டாம். படத்தை நிறுத்தி வகுப்பு எடுக்க வேண்டாம். பிள்ளைகள் திரையை மட்டும் பார்ப்பதில்லை. நாம் எதற்குச் சிரிக்கிறோம், எதற்குச் சிரிக்கவில்லை என்பதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கதாநாயகன் பெண்ணை அறையும்போது அப்பா முகம் சுளித்தார் என்பது பத்து வயதுப் பையனுக்குப் போய்ச் சேரும். எந்தச் சான்றிதழும் அதைச் செய்யாது.

அந்த ஒரு வாக்கியம் முக்கியமாக இன்னொருவருக்கும் போய்ச் சேரும். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, எழுந்து போகலாமா, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவருக்கு. இந்த வீட்டில் ஒருவராவது நம் பக்கம் இருக்கிறார் என்று தெரிந்தால், அவர் எழுந்து போக மாட்டார்.

அடுத்த முறை ‘குடும்பத்தோடு பார்க்கலாமா’ என்று உங்களிடம் யாராவது கேட்டால், எல்லோரும் கடைசிவரை உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று யோசித்துப் பதில் சொல்லுங்கள். யாரோ ஒருவர் தலைவலி என்று சொல்லி மொட்டைமாடிக்குப் போக வேண்டியிருந்தால், மிச்சம் உட்கார்ந்திருப்பது முழுக் குடும்பம் இல்லை.