உம்மாவுக்காக உண்டதும் தனக்காக உண்பதும்

உம்மா ஊட்டிய சோற்றில் வளர்ந்த பிள்ளை, ஒருநாள் தன் சம்பாத்தியத்தில் தானே வாங்கி உண்ணத் தொடங்குகிறான். அன்று மாறுவது நாவின் ருசி மட்டும்தானா?

எங்கள் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் கீழக்கரையில் வளர்ந்தவன். இப்போது சென்னைப் புறநகரான திருமுடிவாக்கத்தில், சிட்கோ தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் வேலை. நண்பர்கள் இருவருடன் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். சிறு வயதில் அவனுக்குப் பாகற்காயைக் கண்டாலே அழுகை வரும். பிஸ்மில்லாஹ் சொல்ல வைத்து, வலக்கையைப் பிடித்து உண்ணப் பழக்கியவர் அவன் உம்மா.

சென்ற மாதம் அவன் அறைக்குப் போயிருந்தேன். இரவு ஷிப்டு முடிந்து வந்தவர்கள் கைபேசியில் பரோட்டாவும் கோழியும் வரவழைத்தார்கள். மூன்று பேர், மூன்று பொட்டலம், மூன்று மூலை. "ஊரில் உம்மாவுக்காகச் சாப்பிட்டேன் சாச்சா. இப்போதுதான் எனக்காகச் சாப்பிடுகிறேன்" என்று சிரித்தான்.

அந்தச் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. பிறர் பழக்கிய பழக்கம் நமக்குச் சொந்தமாகுமா?

உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்கள், உம்முஸலமா (ரலி) அன்னையின் மகன்; நாயகம் (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர். உண்ணும்போது அவர் கை தட்டெங்கும் அலைந்தது. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லுமாறும், வலக்கையால் உண்ணுமாறும், தமக்கு அருகில் உள்ளதை எடுக்குமாறும் அண்ணலார் கூறினார்கள். அன்று முதல் தாம் உண்ணும் முறை அதுவாகவே இருந்தது என்று அவரே பின்னாளில் அறிவித்தது புகாரியில் பதிவாகியுள்ளது. கவனிக்க ஆள் இல்லாதபோதும் அதைக் கைவிடாததால்தான் அந்தப் பழக்கம் அவருடையதாயிற்று.

ருசி வேறு, முறை வேறு. பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது, தம் சமூகத்தார் பூமியில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் உண்ணவில்லை. காலித் பின் வலீத் (ரலி) உண்டதைத் தடுக்கவும் இல்லை. ஆகவே பிள்ளை பாகற்காயை விட்டுப் பரோட்டாவுக்கு மாறியதில் குற்றம் காண வேண்டியதில்லை.

ஆனால் உம்மாவின் அடுப்பில் வெந்தது ஹலாலா என்று அவன் கேட்க நேர்ந்ததில்லை. அந்தக் கவலையை உம்மா சுமந்தார். இன்று அவன்தான் கேட்க வேண்டும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நினைத்து, போதும் என்று கையை எடுக்க வேண்டியவனும் அவன்தான். பருவம் அடைந்தவனின் கணக்கு அவன் பெயரிலேயே எழுதப்படுகிறது. "எனக்காகச் சாப்பிடுகிறேன்" என்பதன் முழுப் பொருள் இதுவே.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. சஹனைச் சுற்றி உட்கார்ந்து உண்ட வீடுகளில், இன்று ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு தட்டு. உடன் உட்காராத வாப்பா எப்போது சொல்லிக் கொடுப்பார்?

அன்றிரவு மூன்று பொட்டலங்களையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டச் சொன்னேன். நால்வரும் சுற்றி அமர்ந்தோம். பேச்சு எங்கெங்கோ போயிற்று. அவன் கை மட்டும் தன் பக்கத்தைத் தாண்டவில்லை. அவனுக்கே அது தெரியாது. உம்மா பழக்கியது அப்படியே இருந்தது. இனி அதைத் தெரிந்தே, நிய்யத்தோடு தனதாக்கிக் கொள்ள வேண்டியது அவன் பொறுப்பு.

நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் அந்தப் பேற்றை வல்ல ரஹ்மான் அருள்வானாக! ஆமீன்.