உள்ளே இருப்பது யாருடையது?

கம்ப்யூட்டருக்குள் ஓயாமல் சுற்றுகிற சமாசாரங்கள் இரண்டு. ஒன்று காற்றாடி, மற்றது ஹார்டு டிஸ்க். சுற்றுகிறதெல்லாம் ஒரு நாள் நிற்கும் என்பது கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். டிஸ்க்கின் தட்டு நிமிஷத்துக்கு 7,200 தடவை சுழல, தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் அதைப் படிக்கும் முனை மிதக்கிறது. தொடக்கூடாது. தொட்டால் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம்.

விழுப்புரம் மாவட்டம் கண்டாச்சிபுரத்தின் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜை மேல் ஒரு பழைய ஐமேக். திரை, மூளை, டிஸ்க் எல்லாம் ஒரே பலகைக்குள் அடங்கிய ‘ஆல்-இன்-ஒன்’. செகண்ட் ஹாண்டில் வாங்கியது. ஒரு நாள் காலையில் டிக், டிக். விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் மெக்கானிக் என்ன சொல்வார்?

“டிஸ்க் போயிடுச்சுண்ணே. பழைய மாடல். மாத்துற காசோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம்.”

சாதாரண யோசனைதான். ஆனால் அதற்குள் இரண்டு நியாயக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் கேள்வி, பெட்டி யாருடையது? 2004-ல் வந்த ஐமேக் ஜி5-ல் அடியில் மூன்று திருகைத் தளர்த்தினால் முதுகு கழன்று வந்துவிடும். டிஸ்க்கை வாங்கியவரே மாற்றிக்கொள்ளலாம். 2009-ல் வந்த மாடலில் முன்பக்கக் கண்ணாடியைக் காந்தம் பிடித்திருந்தது. உறிஞ்சுக் கிண்ணம் வைத்து அதைத் தூக்கி, திரையைக் கழற்றி, மெல்லிய ஒயர்களை அறுத்துவிடாமல் உள்ளே போகவேண்டும். 2011-ல் இன்னொரு சங்கடம். டிஸ்க்கின் சூட்டைக் கம்பெனியின் தனி ஏற்பாட்டில்தான் அளக்கமுடியும். கடையில் வாங்கிய டிஸ்க்கைப் போட்டால் சூடு தெரியாமல் காற்றாடி முழு வேகத்தில் ரைஸ் மில் மாதிரி இரையும். 2012-ல் திரையைப் பசை போட்டே ஒட்டிவிட்டார்கள்.

எட்டு வருஷத்தில் மூன்று திருகு, பசையாகிவிட்டது.

கம்பெனிக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒல்லியாக வேண்டும், அழகாக வேண்டும் என்று கேட்டது நாம்தான். பசை ஒல்லியானது. ஆனால் டிஸ்க் சாகும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. 2009 அக்டோபர் முதல் 2011 ஜூலை வரை விற்ற ஐமேக்குகளில் சிலவற்றின் ஒரு டெராபைட் சீகேட் டிஸ்க்குகள் பழுதாகக்கூடும் என்று ஆப்பிளே அறிவித்து இலவசமாக மாற்றிக் கொடுத்தது. நல்ல காரியம். அதே 2012-ல்தான் பசையும் வந்தது.

கலப்பையைப் பாருங்கள். மண்ணில் உரசித் தேய்வது கொழு. அதனால்தான் அதைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி வைத்தார்கள். கொழு தேய்ந்ததற்காகக் கலப்பையையே தூக்கி எறி என்று எந்தக் கொல்லரும் சொன்னதில்லை. எது முதலில் தேயும் என்று தெரிந்த பிறகும் அதற்குப் போகும் வழியை அடைப்பவன், பொருளை விற்றுவிட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். இந்திய அரசு 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு குழு அமைத்ததன் பின்னால் இருப்பது இந்த எளிய நியாயம்தான்.

சரி, பசையை அறுத்துத் திறந்து, புது எஸ்.எஸ்.டி. மாட்டியாகிவிட்டது. சுற்றும் தட்டே அதில் கிடையாது. பழைய பெட்டி முன்பைவிடச் சுறுசுறுப்பாக எழுந்து நிற்கிறது. கதை முடிந்ததா?

இங்கேதான் இரண்டாவது கேள்வி. பழைய டிஸ்க்கில் இருந்தது யாருடையது?

டிஸ்க்குக்குப் பணம் கொடுத்தவர் ஸ்டுடியோக்காரர். அதில் இருப்பதோ சுற்றுவட்டாரக் கிராமங்களின் கல்யாணங்கள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. எத்தனையோ வீடுகளில் சுவரில் மாலையோடு தொங்கும் படம், எந்தக் கல்யாணத்திலோ ஓரமாக நின்ற பாட்டியைக் கூட்டத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியதுதான். தனியாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளப் பாட்டிக்கு நேரம் வாய்த்திருக்காது. அந்த டிஸ்க் போனால் பாட்டியின் முகம் இரண்டாம் தடவை போகிறது.

“ஆல்பம் கொடுத்தாச்சு, காசு வாங்கியாச்சு. அதுக்கு மேல நான் எதுக்குக் காவல் காக்கணும்?” என்று அவர் கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. காலமெல்லாம் இலவசமாகப் பாதுகாக்க யாருக்கும் கடமை இல்லை. ஆனால், ‘எப்ப வேணாலும் வாங்க, நம்மகிட்ட இருக்கும்’ என்று சொல்லி அனுப்பியிருந்தால் அது அடைக்கலப் பொருள். காக்க முடியாது என்றால், ‘ரெண்டு வருஷம்தான் வச்சிருப்பேன், பென் டிரைவ்ல எடுத்துக்கிட்டுப் போங்க’ என்று சொல்லிவிடவேண்டும். அந்த ஒரு வரிக்குச் செலவே இல்லை.

போன டிஸ்க்கை என்ன செய்வது? எடைக்குப் போட்டால் டீக்காசு கிடைக்கும். ஜாக்கிரதை. டெலிட் செய்வது, புத்தகத்தில் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போல. பக்கங்கள் அப்படியே இருக்கும். செத்த டிஸ்க்கிலிருந்துகூடத் தெரிந்தவர்கள் பலவற்றை மீட்பார்கள். ஆதார் நகலும், பாஸ்போர்ட் சைஸ் படங்களும், வீட்டுப் பெண்களின் முகங்களும் யார் கைக்கோ போகும். டிஸ்க்தான் செத்தது, அதில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். மீட்க முடிந்ததை மீட்ட பிறகு, தட்டில் நாலு ஓட்டை போட்டுவிட்டு எறிவதுதான் மரியாதை.

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகிற வழியில் கீழ்வாலை. அங்கே பாறையில் செங்காவியில் மனித உருவங்கள், விலங்குகள். ஆயிரக்கணக்கான வருஷம் மழைக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடித்த ஹார்டு டிஸ்க். ஆனால் வரைந்தது யார், யாரைப் பற்றி என்று சொல்ல ஆள் இல்லை. அப்படியே திருக்கோவிலூருக்குப் போனால், தென்பெண்ணைக்குள் நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்கிறார்கள். கபிலரின் பாட்டு இருந்தது ஓலையில். நம் ஊர்ப் புழுக்கத்திலும் பூச்சியிலும் ஓலை இருநூறு, முந்நூறு வருஷம் தாங்கினாலே அதிசயம். ஆனாலும் உ.வே.சா. 1894-ல் புறநானூற்றை அச்சிட்டபோது அதில் கபிலர் இருந்தார். பெயர் தெரியாத யார் யாரோ, நைந்த ஓலையைப் பார்த்துப் புது ஓலையில் எழுதிக்கொண்டே வந்ததால்.

கல் தானாக நின்றது, பேச்சில்லை. ஓலை நிற்கவில்லை, ஆனால் அதைத் தன் பொறுப்பு என்று நினைத்த ஆட்கள் இருந்தார்கள். ஒரு பொருள் யாருடையது என்பதற்கு ரசீது ஒரு பதில். அது கெட்டுப்போகுமுன் யார் நகலெடுக்கிறார்கள் என்பது இன்னொரு பதில். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தின் மூலப் படங்கள் இப்போது யாருடைய டிஸ்க்கில் இருக்கின்றன? தெரிந்தால் அவருக்கு ஒரு போன் போடுங்கள். சௌக்கியம் விசாரித்த கையோடு, டிக், டிக் என்று ஏதாவது சத்தம் வருகிறதா என்றும் கேட்டு வையுங்கள்.