கொழுப்பை எடுத்துவிட்டு என்ன போட்டார்கள்?

வீட்டில் ஒருவருக்கு சுகர் என்றோ கொலஸ்ட்ரால் என்றோ டாக்டர் சொல்லிவிட்டால், அந்த மாதமே மளிகைப் பட்டியல் மாறிவிடுகிறது. டைஜஸ்டிவ் பிஸ்கட், டயட் மிக்சர், ஃபேட் ஃப்ரீ தயிர், சுகர் ஃப்ரீ காஜு கத்லி என்று புதுச் சாமான்கள் அலமாரியில் ஏறுகின்றன. விலையும் கூடுதல். அக்கறையால்தான் வாங்குகிறோம், அந்த அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நோயாளிக்கு அதனால் நல்லது நடப்பதில்லை. பத்தியமாகத்தானே சாப்பிடுகிறோம் என்ற தைரியத்தில், வழக்கத்தைவிட இரண்டு வாய் கூடுதலாகவே உள்ளே போகிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. இவ்வளவு பேரின் சாப்பாட்டுத் தட்டை விளம்பர வாசகங்களிடம் ஒப்படைத்துவிட்டு நாம் சும்மா இருக்கலாகாது.

முதலில் ஒன்று செய்யுங்கள். இப்போதே எழுந்துபோய் வீட்டில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் கோதுமைக் கதிர், நார்ச்சத்து, இதயத்தின் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் சரக்கு. அந்தப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். டைஜஸ்டிவ் என்று விற்கும் பல பாக்கெட்டுகளில் முதலில் நிற்பது மைதா. பின்னாலேயே பாமாயில், சர்க்கரை. இன்னும் கீழே இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஏதாவது இருக்கும். இவையெல்லாம் உடம்புக்குள் போனால் சர்க்கரைக்கு உறவுதான். மால்டோடெக்ஸ்ட்ரின் இனிக்கவே இனிக்காது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை மளமளவென்று ஏற்றும். நூறு கிராம் பிஸ்கட்டுக்கு 450 கலோரிக்கு மேல் வருவது சாதாரணம். காலையில் நாலு, மாலையில் நாலு என்று டீயில் தோய்த்துச் சாப்பிடும் பெரியவருக்கு இதை யாராவது படித்துச் சொல்ல வேண்டாமா? கண் மங்கிய அவரால் அந்த எழுத்தைப் படிக்க முடியாது. படித்துச் சொல்ல வேண்டியது பிள்ளைகளின் கடமை.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி, 100 கிராமில் கொழுப்பு 0.5 கிராமுக்கு மேல் போகாவிட்டால் ஃபேட் ஃப்ரீ என்று எழுதிக்கொள்ளலாம். எழுதியது பொய்யல்ல. ஆனால் அது கொழுப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பழச்சுவைத் தயிரில் கொழுப்பை எடுத்தால் ருசியும் வழவழப்பும் போய்விடும். அந்த இடத்தை நிரப்பச் சர்க்கரையும் மாவுச்சத்தும் வருகின்றன. சமையல் எண்ணெய் டப்பாவில் கொலஸ்ட்ரால் இல்லை என்று பெரிதாகப் போட்டிருப்பதும் இதே வகைதான். தாவர எண்ணெய் எதிலும் என்றைக்குமே கொலஸ்ட்ரால் இருந்ததில்லை.

இந்தப் பாதையில் நமக்கு முன்னால் நடந்து பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1977-ல் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையிலான செனட் குழு, கொழுப்பைக் குறையுங்கள் என்று மக்களுக்குச் சொன்னது. அதே அறிக்கை சர்க்கரையையும் குறைக்கச் சொன்னது. கம்பெனிகள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டன. 1992-ல் நபிஸ்கோ நிறுவனம் ஸ்நாக்வெல்ஸ் என்ற பெயரில் கொழுப்பில்லாத, கொழுப்புக் குறைந்த பிஸ்கட்டுகளைக் கொண்டுவந்தது. கொழுப்புதான் இல்லையே என்று ஜனங்கள் பெட்டி பெட்டியாகத் தின்றார்கள். 1970-களின் கடைசியில் அங்கே பெரியவர்களில் சுமார் 15 சதவீதம் பேர் உடல் பருமன் உள்ளவர்கள். 2000 வாக்கில் அது 30 சதவீதம் ஆகிவிட்டது. பிஸ்கட் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது நேர்மையாகாது. ஆனால் கடை நிறையக் கொழுப்பில்லாத பண்டங்கள் இருந்தும் அந்த ஏற்றம் நிற்கவில்லை என்பது உண்மை. கிட்டத்தட்ட 49 ஆயிரம் பெண்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பிரிவினரைக் கொழுப்புக் குறைந்த உணவுக்கு மாற்றிப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. மாரடைப்போ பக்கவாதமோ குறிப்பிடும்படி குறையவில்லை. இன்னொன்றும் 2016-ல் அம்பலமானது. 1960-களில் சர்க்கரைத் தொழில் அமைப்பு ஒன்று ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்களுக்குப் பணம் கொடுத்து, இதய நோய்க்கான பழியைக் கொழுப்பின் பக்கம் தள்ளும் கட்டுரையை எழுத வைத்திருந்தது. அது வெளிவந்தது 1967-ல். பணம் வந்த வழி வெளியே தெரிய ஐம்பது வருஷம் ஆயிற்று.

அப்படியானால் கொழுப்பில்லாத எதையும் தொடக்கூடாதா? அதற்குள் அந்த முடிவுக்குப் போக வேண்டாம். மோர் என்ன? தயிரைக் கடைந்து வெண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சுவதுதானே மோர்! உப்பும் கறிவேப்பிலையும் இஞ்சியும் போட்டு வெயிலுக்குக் குடிக்கிறோம். அதைவிட நல்ல கொழுப்புக் குறைந்த பானம் எது? எடுத்த வெண்ணெய்க்குப் பதிலாக அதில் யாரும் எதையும் கொட்டவில்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். எடுத்தார்கள் சரி, அந்த இடத்தில் என்ன போட்டார்கள்? இதய நோய் இருப்பவருக்கு டாக்டர் சொல்லி ஆறு சதவீதக் கொழுப்புள்ள பாலை விட்டுவிட்டு ஒன்றரை சதவீதப் பாலுக்கு மாறினால் அது நியாயமான மாற்றம். ஆனால் அந்தப் பாலில் காப்பி போட்டு இரண்டு கரண்டி சர்க்கரை சேர்த்தால் செய்த நன்மையைக் கையோடு அழித்த மாதிரிதான்.

சுகர் ஃப்ரீ இனிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீபாவளி சமயத்தில் அதைத் தனிப் பெட்டியில் போட்டு அப்பாவுக்கென்று கொடுக்கிறோம். காஜு கத்லியில் சர்க்கரையை எடுத்தாலும் முந்திரி அங்கேயேதான் இருக்கிறது. நூறு கிராம் முந்திரியில் ஏறத்தாழ 550 கலோரி. சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் மால்டிடால் போன்றவை அதிகமானால் வயிற்றைக் கலக்கும். டயட் குளிர்பானம் குடித்து இளைக்க நினைப்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது: எடையைக் கட்டுக்குள் வைக்க அதில் சேர்க்கும் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கான பரிந்துரை அல்ல அது. அவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்சுலின் போடுகிறவர் இருக்கும் வீட்டில் எல்லோரும் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இறங்கி அவர் வியர்த்து நடுங்கும்போது டயட் பானத்தைக் கொடுத்தால் அது உதவாது. நினைவோடு இருந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நெய்யும் தேங்காய் எண்ணெயும் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரிதான். எண்ணெயை அளந்து ஊற்றத்தான் வேண்டும். அதற்காகக் கீரைப் பொரியலில் ஒரு கரண்டி எண்ணெயைக்கூட மிச்சம் பிடிக்காதீர்கள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். கீரையைத் தாளித்துத் தேங்காய்த் துருவல் போட்டு இறக்கிய நம் பாட்டிமார் செய்தது சரியான சமையல்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை குழந்தைக்குக் கொழுப்பு நீக்கிய பால் கொடுக்காதீர்கள். மூளை வளரும் காலம் அது. வயசுக்கு வந்த பெண் பிள்ளையைக் குண்டு என்று உறவுக்காரர் முன்னால் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகச் சோற்றை ஒதுக்கிவிட்டு, டயட் பார் ஒன்றைத் தின்று நாளை ஓட்டும் பெண்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ரத்தசோகை பிடித்த பிறகு வருந்தி என்ன பயன்? அவளுக்கு முட்டையோ சுண்டலோ கொடுத்து, அவளோடு நீங்களும் சாயங்காலம் நடந்துவிட்டு வாருங்கள்.

அடுத்த மாதப் பட்டியல் எழுதும்போது டயட், ஃபேட் ஃப்ரீ என்று போட்ட பாக்கெட் எதுவும் அதில் வேண்டாம். அந்தக் காசில் பயறு, கொண்டைக்கடலை, காய், கீரை வாங்குங்கள். சோற்றை ஒரு கரண்டி குறைத்துக் காயை ஒரு கரண்டி கூட்டிப் பரிமாறுங்கள். அப்பாவுக்கு மட்டும் வேண்டாம், வீட்டில் எல்லோருக்கும். இன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே ஆரம்பியுங்கள்.