நல்லவனுக்குச் சோதனை ஏன்?

"நாணயமானவனிடம் கணக்குக் கேட்கலாமா? கேட்பது அவனை இழிவுபடுத்துவதாகாதா?" தனி மனிதர் வாழ்விலே நெடுநாளாக எழுந்து வரும் கேள்வி இது. நாடுகளின் மன்றத்திலே, ஜெனீவா நகரிலே, அரை நூற்றாண்டாக விடை காணாது கிடக்கும் கேள்வியும் இதுவே! அங்கே பேசப்படுவது பணக் கணக்கன்று; கிருமிக் கணக்கு. ஊரை அழிக்கவல்ல நோயை ஒரு நாடு குப்பியில் அடைத்து வைத்திருக்கிறதா, இல்லையா என்ற கணக்கு.

கிருமிகளையும் நச்சுகளையும் போரிலே பயன்படுத்தோம் என்று 1925இல் ஜெனீவாவில் ஓர் உறுதிமொழி எழுந்தது. பயன்படுத்தாதே என்றதே தவிர, வைத்திராதே என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளியிலேதான் சப்பானியப் படையின் 731ஆம் பிரிவு மஞ்சூரியாவிலே மனிதர்களைச் சோதனைப் பொருளாக்கிற்று. 1940இல் சீனத்து நிங்போ நகரிலே பிளேக் தெள்ளுகளை வானூர்தியிலிருந்து கொட்டிற்று. அந்த இடைவெளியை அடைக்கவே 1972 ஏப்ரல் 10இல் உயிரியல் ஆயுதத் தடை உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. ஆக்காதே, சேர்க்காதே, வைத்திராதே என்றது அது. இந்தியா 1973இல் கையெழுத்திட்டு, 1974இல் உறுதி செய்தது. 1975 மார்ச் 26இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர்.

நல்லதுதான். ஆனால், சொன்ன சொல்லைக் காக்கிறார்களா என்று சென்று பார்ப்பவர் யார்? எவரும் இல்லை! இரசாயன ஆயுதத் தடைக்கு, 1997 முதல் ஹேக் நகரிலே ஒரு தனி அமைப்பு இருக்கிறது. ஆலைக்குள் நுழைந்து பார்க்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கிருமி ஆயுதத் தடைக்கோ, 2006இல் அமைக்கப்பட்ட ஒரு சிறு அலுவலகம் மட்டும். மூன்று பேருடன் தொடங்கிய அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும் உரிமை உண்டு; கதவைத் தட்டும் உரிமை இல்லை. குறைபாடு தோன்றினால் பாதுகாப்பு அவையிலே முறையிடலாம் என்கிறது உடன்படிக்கை. அந்த அவையிலே ஐந்து வல்லரசுகளுக்குத் தடுப்பு வாக்கு! குற்றம் சாட்டப்பட்டவனே நீதிபதியின் கையைப் பிடித்துக்கொள்ளும் நீதிமன்றம் அது.

விளைவு என்ன? உடன்படிக்கையைப் பாதுகாக்கும் பொறுப்பேற்ற மூன்று நாடுகளில் ஒன்று சோவியத் நாடு. அந்த நாட்டின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரிலே 1979 ஏப்ரலில் ஆந்த்ராக்ஸ் கிருமி படைத்துறைக் கூடமொன்றிலிருந்து காற்றிலே கசிந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்டுப்போன இறைச்சியால் வந்த நோய் என்று உலகத்துக்குச் சொன்னார்கள். படைத்துறையே காரணம் என்ற உண்மையைக் குடியரசுத் தலைவர் எல்ட்சின் ஒப்புக்கொள்ள 1992 ஆயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் இறைச்சிக் கடைக்காரன் குற்றவாளி. கிருமி வளர்த்தவன் கனவான்!

நீலமலையின் மூலையிலே, பந்தலூரிலே, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நமக்கு ஜெனீவா வழக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். நமது ஊரின் வரலாற்றையே கேளுங்கள். 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களிலே இலைத்துரு என்னும் காளான் நோய் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பி வீழ்ந்தது. அந்த மண்ணிலே தேயிலை எழுந்தது. தேயிலையைக் கிள்ளத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுசென்றார்கள். பின்னர், உனக்கு இந்த நாட்டிலே குடியுரிமை இல்லை என்றார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். திரும்பி வந்த மக்களுக்கு வேலை தரவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் பந்தலூர் வட்டாரத்திலே விரிந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒரு காளான், எத்தனை தலைமுறைகளைக் கடல் கடக்க வைத்தது!

அது இயற்கையின் செயல். அதையே மனிதன் திட்டமிட்டுச் செய்தால்? கற்பனையன்று. பனிப்போர்க் காலத்திலே அமெரிக்கா கோதுமைத் துருநோயையும் நெற்பயிரின் குலைநோயையும் ஆயுதமாகவே சேர்த்து வைத்திருந்தது. 1969இல் அத்திட்டத்தைக் கைவிட்ட பின்னரே அழித்தது. சோறுண்ணும் நாட்டின் மீது குலைநோயை ஏவ எண்ணியவர் இருந்தனர் என்றால், தேயிலை ஒன்றையே நம்பி வாழும் ஊரார் இந்த வழக்கிலே கேட்போர் மட்டுமல்லர், கட்சிக்காரர்!

ஆய்வு வேண்டாம் என்போர் வைக்கும் வாதத்தையும் நேர்மையாக எடைபோடுவோம். குன்னூரிலே 1907 முதல் பாஸ்டர் ஆய்வு நிலையம் இருக்கிறது. வெறிநாய்க்கடி மருந்துக்குப் பெயர் பெற்றது. தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி ஆகியவற்றுக்கான தடுப்பு மருந்தையும் ஆக்கியது. இரணஜன்னித் தடுப்பு மருந்து எப்படிப் பிறக்கிறது? கிருமியை வளர்த்து, அதன் நஞ்சைத் திரட்டி, பின்பு அந்த நஞ்சின் கொடுமையை முறித்து ஆக்குகிறார்கள். உயிர் காக்கும் கலமும் உயிர் பறிக்கும் கலமும் ஒரே வடிவம். ஆகவேதான் உடன்படிக்கையும் கிருமியைப் பட்டியலிட்டுத் தடுக்கவில்லை. அமைதிப் பணிக்குத் தேவையற்ற வகையையும் அளவையும் தடுக்கிறது. அதாவது, நோக்கத்தைத் தடுக்கிறது. "நோக்கத்தை எந்த ஆய்வாளன் கண்ணால் காண்பான்? ஏய்ப்பவன் ஏய்த்துக்கொண்டே இருப்பான்; தொழில் இரகசியந்தான் களவு போகும்" என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தைச் சொல்லித்தான், 1995 முதல் 2001 வரை ஆறாண்டு பேசி உருவாக்கிய ஆய்வு வரைவை, 2001 சூலையில் அமெரிக்கா வேண்டாமென்று தள்ளியது. 2022இல் மீண்டும் ஒரு பணிக்குழு அமைத்தார்கள். 2024 டிசம்பரிலே, அறிவியல் வளர்ச்சியைக் கவனிக்கவும் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவவும் இரண்டு சிறு அமைப்புகளையாவது தோற்றுவிப்போம் என்று முயன்றார்கள். எல்லோரும் இசைந்தால்தான் முடிவு என்பது அங்கே விதி, இசைவு கிட்டவில்லை. ஆய்வாளனோ இன்னும் பிறக்கவே இல்லை.

ஆய்வு ஏய்ப்பவனைப் பிடிக்காமற் போகலாம், ஒப்புக்கொள்வோம். ஆனால் ஆய்வு ஏய்ப்பவனுக்காக மட்டுமா? ஏய்க்காதவனுக்கு அது எதற்கு என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

நமது நாட்டிலேயே சான்று உண்டு. 1957இல் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டிலே குரங்குகள் மடிந்தன. மனிதருக்கும் புதுக் காய்ச்சல் பரவியது. உண்ணி கடித்து வருவது அது. உருசியாவில் காணும் ஒரு நோயின் கிருமியை அது ஒத்திருந்ததால், வலசைப் பறவைகள் கொணர்ந்தனவோ என்று ஆராய்ந்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பறவை ஆய்வுக்கு, சலீம் அலியின் காலத்திலே, அமெரிக்கப் படைத்துறையின் பணமும் வந்தது. தில்லியிலே 1970இல் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்க நிதியோடு கொசு ஒழிப்பு ஆய்வொன்றைத் தொடங்கின. மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டிலே இல்லை. அதைப் பரப்பவல்ல கொசு உண்டு. அந்தக் கொசுவை அவர்கள் ஏன் ஆராய்கிறார்கள்? பறவைக்கும் படைக்கும் என்ன உறவு? கேள்விகள் எழுந்தன, கிருமிப் போர் ஒத்திகை என்று ஏடுகள் எழுதின. 1975இல் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு இவற்றைக் கண்டித்தது. கொசு ஆய்வு அந்த ஆண்டே மூடப்பட்டது.

கேட்டவர் பகுத்தறிவோடுதான் கேட்டனர். படைத்துறைப் பணம் வந்தால் ஐயமும் வரும். இல்லை என்று மறுத்தவர் உண்மையையே பேசியிருக்கலாம். ஆனால் இருவருக்கும் நடுவே நின்று, திறந்து பார்த்து, 'இது இப்படித்தான்' என்று சொல்ல ஒருவர் இல்லை. ஐயமும் தீரவில்லை; ஆய்வும் மிஞ்சவில்லை. அந்தக் குரங்குக் காய்ச்சலோ நில்லாமல் நடந்தது. 2012இல் முதுமலையில் மடிந்த குரங்குகளிடம் தென்பட்டது. 2015இல் நம் எல்லைக்கு அப்பால் வயநாட்டிலே பலரை வருத்தியது.

சாமியார் கதை ஒன்றும் உண்டு. 1984இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலே, ரஜனீஷ் ஆசிரமத்தார் உள்ளூர்த் தேர்தலைக் கெடுக்கத் திட்டமிட்டு, உணவகங்களின் உணவிலே நோய்க்கிருமியைக் கலந்தனர். 751 பேர் நோயுற்றனர். அதிகாரிகள் முதலில் யார்மீது பழி போட்டனர்? உணவைக் கையாண்ட ஏழைப் பணியாளர்மீது! மறு ஆண்டு ஆசிரமத்தின் ஆய்வுக்கூடத்தைத் திறந்து சோதித்த பிறகே உண்மை வெளிவந்தது. கதவு திறந்தது, பணியாளர்மீது கிடந்த பழி நீங்கியது.

தேர்வு மண்டபத்திலே கண்காணிப்பாளர் எதற்கு? பார்த்து எழுதுபவனைப் பிடிக்க என்பார்கள். பார்த்து எழுதுபவன் பல வேளை தப்பிவிடுகிறான் என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியும். ஆனால் கண்காணிப்பே இல்லாத மண்டபத்திலே முதல் மதிப்பெண் வாங்கும் ஏழைப் பிள்ளையை ஊர் நம்புமா? கொழுந்து நிறுக்கும் இடத்திலே, கூடையைத் தராசில் மாட்டியதும், கிள்ளிய பெண் எட்டி முள்ளைப் பார்க்கிறாள். நிறுப்பவரைத் திருடன் என்று அவள் சொல்லவில்லை. அவள் பார்ப்பதால்தான் நிறுப்பவர் எழுதும் கணக்குக்கும் மதிப்பு வருகிறது. சோதனை நல்லவனுக்கு இழிவன்று; நல்லவனுக்கு அதுவே சான்றிதழ்.

"வல்லரசின் ஆள் ஆய்வாளன் என்ற பெயரில் நம் வீட்டுக்குள் நுழைவானே" என்ற அச்சம் நியாயமானதே. ஒருவன் முள்ளை மட்டும் பார்ப்பது ஆய்வன்று, ஆதிக்கம். எல்லோரையும் எல்லோரும் பார்ப்பதே ஆய்வு. சட்டக் கட்டுப்பாடுள்ள சரிபார்ப்பு வேண்டும் என்று அணிசேரா நாடுகளோடு சேர்ந்து இந்தியாவும் ஜெனீவாவிலே கேட்டு வருகிறது. கேட்பது சரி. கேட்கும் வாய்க்கு ஒரு கடமையும் உண்டு. 1986இல் இசைந்தபடி நாடுகள் ஆண்டுதோறும் தம் ஆய்வுக்கூடங்களைப் பற்றி அறிக்கை தர வேண்டும். பல நாடுகள் தருவதில்லை, தருவோரிலும் பலர் பொதுமக்கள் கண்ணுக்குக் காட்டுவதில்லை. நம் கூடங்களிலே என்ன கிருமி, யார் பணம், எதற்காக என்பதை நம் மக்களுக்கு நாமே முதலில் சொல்வோம். வேற்று நாட்டான் கதவைத் திறக்கட்டும் என்று காத்திருப்பவன் கதவு என்றும் திறவாது.

நீபா காய்ச்சல் 2018இலும் 2023இலும் கோழிக்கோட்டிலே தோன்றியபோது, நாடுகாணியிலும் பாட்டவயலிலும் வண்டியை நிறுத்தி, பயணிகளின் உடல் வெப்பத்தைப் பார்த்தார்கள். கூலி வேலைக்குப் போய்த் திரும்பியவரும், மணவீட்டுக்குப் போய்த் திரும்பியவரும் நின்று காட்டிவிட்டுத்தான் வீடு வந்தார்கள். எவரும் மானம் போயிற்று என்று சொல்லவில்லை. சோதனைச் சாவடியிலே தேயிலைத் தொழிலாளி நின்று காட்டுகிறார். நச்சுக் கிருமி வளர்க்கும் ஆற்றல் பெற்ற அரசு மட்டும் நிற்காமல் போகலாமா? இளைஞர்களே, இந்தக் கேள்வியை மன்றத்திலே எழுப்புங்கள். மாணவர் கூட்டத்திலே எழுப்புங்கள். "என்னை நம்பு" என்பவன் சாமியாராயினும் சரி, பேரரசாயினும் சரி, "காட்டு, நம்புகிறோம்" என்பதே நம் மறுமொழி!