அவர் கேட்கவில்லை

பழைய மோட்டார் வண்டி ஒன்றை வீட்டிலேயே பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டி ஓடவைப்பதில் ஒரு மனிதன் தன் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் செலவிடுகிறான் என்றால், அவனைப் பற்றி இரண்டு விதமாக நினைக்கலாம். கையில் காசு அதிகம், வேலை குறைவு என்று நினைக்கலாம். அல்லது மனத்தில் ஏதோ ஒரு கணக்குத் தீராமல் கிடக்கிறது என்று நினைக்கலாம். நான் முதலாவதைத்தான் நினைத்தேன். அதற்காக என் சிநேகிதன் என்னை மன்னிக்க வேண்டும்.

அவனும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்சுக்காரர்கள். இப்போது அவன் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் இருக்கிறான். கம்ப்யூட்டர் உத்தியோகம், சொந்த வீடு, படிக்கிற பெண் ஒருத்தி. 2023-இல் மூன்று வாரம் அவன் வீட்டில் தங்கினேன். ஊரைச் சுற்றிக் காட்டுவான் என்று போனவனை, வீட்டை ஒட்டிய கராஜில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிட்டான். எதிரே 1971-இல் செய்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்று, சக்கரங்கள் கழற்றி, நாலு முட்டுக்கட்டைகளின்மேல் நின்றிருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடித்து வைக்கக்கூடிய சின்ன விளையாட்டுக் கார். அதே ஊரில், கான்லி தொழிற்சாலையில் பிறந்தது. 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

"இதைப் பார்த்தா உனக்கு என்னடா ஞாபகம் வருது?" என்று கேட்டான்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. அவன் முன்பக்கத்து மூடியைப் பிடித்துத் தூக்கினான். மூக்கோடும் இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து முன் பாகம் முழுவதும் முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்பக்கமாகச் சாய்ந்தது. அப்போது ஞாபகம் வந்துவிட்டது. அவன் அப்பாவின் ஹெரால்ட்!

சென்னைப் பட்டணத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் 1961 முதல் செய்த ஹெரால்டைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்பிட்ஃபயர் அதற்குத் தம்பி. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர்தான். ஹெரால்டின் அடிச்சட்டத்தை எடுத்து, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 91.5 அங்குலம் இருந்ததை 83 அங்குலமாகக் குறுக்கி, அதன்மேல் இதைக் கட்டினார்கள். குறுக்கும்போது ஒரு காரியம் செய்தார்கள். ஹெரால்டின் சட்டத்தில் இரண்டு பக்கமும் வெளியே நீண்டு உடலைத் தாங்குகிற கைகள் உண்டு, அவற்றை நீக்கிவிட்டார்கள். அந்தப் பாரத்தைக் கதவுக்கு அடியில் நீளவாட்டில் ஓடும், பெட்டி போல் மடித்த தகடுகள் சுமக்கின்றன. அவற்றுக்கு 'சில்' என்று பெயர். பின் சக்கரங்கள் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ளும் கம்பியும் வண்டியின் உடலோடுதான் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே சில் துருப்பிடித்தால் அது அழகு போன விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

அதற்கு வருமுன் இன்ஜின் கதையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் மிகவும் ரசித்த பகுதி அதுதான்.

வாங்கின புதிதில் வண்டி அழகாகக் கிளம்புமாம். இருபது நிமிஷம் ஓடும். பிறகு இருமி, தடுக்கி, நின்றுவிடும். அரைமணி ஓரமாக நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி கிளம்பும். அவன் முதலில் பிடித்தது கார்புரேட்டரை. இந்த வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர்கள், பித்தளையும் அலுமினியமுமாகப் பளபளவென்று கண்ணெதிரே நிற்கின்றன. வீட்டில் எது காணாமல் போனாலும் வேலைக்காரி மேல் சந்தேகம் விழுகிற மாதிரி, வண்டியில் எது கெட்டாலும் கார்புரேட்டர் மேல்தான் பழி. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது என்று முடிவு கட்டினான். 2021 முதல் அங்கே சாதாரண பெட்ரோலில் நூற்றுக்குப் பத்து வரை எதனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர்க் குழாய்களைத் தின்னும் என்பதும் உண்மை. சந்தேகத்துக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. குழாய், பம்பு, ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினான். வண்டி இருபது நிமிஷத்தில் நின்றது.

கடைசியில் ஒருநாள் நடுரோட்டில் நின்றபோது, ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு இன்ஜின்மேல் சாய்த்து வைத்துச் சுழற்றிப் பார்த்தான். பொறியே இல்லை. பெட்ரோலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் என்று ஒன்று, நொடிக்குப் பலமுறை திறந்து மூடுகிறது. அது திறக்கும்போது மின்சாரம் இடைவெளியைத் தாவி வீணாகாமல் தடுக்க, கட்டைவிரல் பருமன்கூட இல்லாத கண்டென்ஸர் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. அது சூடானால் தன் வேலையை விட்டுவிடும். ஆறினால் திரும்பப் பார்க்கும். வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகிற நேரத்தில் ஆறி, சாதுவாக உட்கார்ந்திருக்கும். இரண்டு மூன்று பவுனுக்குள் கிடைக்கிற சாமான்.

"கார்புரேட்டரை மூணு தடவை பிரிச்சேன்டா. அது ஒரு தப்பும் பண்ணலை" என்றான், ஓர் ஆளுக்கு அநியாயம் செய்துவிட்ட குரலில். அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டானாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது, மாற்றினதை நோட்டில் எழுதுவது. நாலைச் சேர்த்து மாற்றி வண்டி ஓடிவிட்டால், குற்றவாளி எது என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும் அல்லவா?

நான் போய்ச் சேர்ந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இடது பக்கத்து சில்லில் கை வைத்தான். பார்வைக்குக் குறை ஒன்றும் இல்லை. பெயின்ட் வழுவழுவென்று இருந்தது. அவன் ஒரு சின்ன காந்தத்தை அதன்மேல் நகர்த்திக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் ஒட்டவில்லை. கையை எடுத்தான், காந்தம் கீழே விழுந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினான். பட்டி, அரை அங்குலத்துக்குப் பட்டி! உடைத்துக்கொண்டே போனால், உள்ளே தகடு என்பதே இல்லை. அந்த வெற்றிடத்தில், பட்டி நிற்பதற்காக, யாரோ பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். இழுத்து வெளியே எடுத்தோம். 1987-ஆம் வருஷத்துப் பேப்பர். கால்பந்து ஆட்ட முடிவுகளும் சோபா விளம்பரமும் இன்னும் படிக்கிறாப்போல் இருந்தன.

எனக்கு ஆத்திரம் வந்தது. "என்ன மனுஷன்டா இவன்! இதிலே ஒருத்தன் உட்கார்ந்து போவான்னு தெரிஞ்சே..." என்று ஏதோ சொன்னேன். அவன் பேசவில்லை. அந்தக் காகிதத்தைத் தரையில் விரித்து, மடிப்புகளை நீவிவிட்டுக்கொண்டிருந்தான்.

"நான் பேப்பர் வைக்கலை. கோணி வெச்சேன்" என்றான்.

1994-இல் அவன் அப்பா காலமாகி ஆறு மாதம். தங்கை கல்யாணத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. ஹெரால்டை விற்பதென்று முடிவாயிற்று. கடற்காற்றில் வருஷக்கணக்காக நின்ற வண்டி. அடிச்சட்டத்தின் பக்கத்துக் கைகள் கையால் ஒடிக்கிறாப்போல் ஆகியிருந்தன. டிங்கர் ஒருவர் சரியாகச் செய்ய ஒரு தொகை சொன்னார், மூடிவிட ஒரு தொகை சொன்னார். அவர்கள் இரண்டாவதைக் கொடுத்தார்கள். கோணியைத் திணித்து, பட்டி பார்த்து, அடியில் தார் பூசினார்கள். வாங்க வந்தவர் ஒரு டிராயிங் மாஸ்டர். மனைவியையும் ஒரு குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். குழந்தை பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாஸ்டர் குனிந்து அடியில் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, வண்டி நல்லா ஓடுமா?"

"நேத்துகூட ஓட்டினேன் சார்" என்று இவன் சொன்னான்.

அது உண்மை. முதல்நாள் ஓட்டியிருந்தான்.

அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. இப்படிப்பட்ட விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். ஒரு நாவலுக்காக ஒருமுறை படித்திருக்கிறேன். 1872-ஆம் வருஷத்து நம் ஒப்பந்தச் சட்டம், பதினேழாவது பிரிவில், வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. உதாரணமும் கொடுக்கிறது. ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். அது நோய்ப்பட்ட குதிரை என்று அவனுக்குத் தெரியும். சொல்லவில்லை. இது மோசடி அல்ல. ஆனால் அதே குதிரையை வாங்குபவள் அவன் மகள், அப்போதுதான் வயது வந்தவள் என்றால், சொல்லியாக வேண்டும். இன்னொன்று: வாங்குபவன், 'நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்' என்று சொல்லியிருந்தால், அப்போது மௌனமும் பேச்சுக்குச் சமம். டிராயிங் மாஸ்டருடைய கேள்வி இந்த மூன்றாவதில் சேருமா? நான் சேரும் என்றேன். வக்கீலாக இருந்தால் சேராது என்று வாதாடலாம். "அவர் ஓடுமான்னுதான் கேட்டார். உடையுமான்னு கேட்கலை" என்றான் அவன், கசப்பாக.

மகளுக்குச் சொல்லவேண்டியதை ஊரானுக்குச் சொல்லவேண்டாம் என்கிற அந்த இடத்தில்தான் எனக்கு இடறுகிறது. சட்டம் அப்படித்தான் இருக்க முடியும். இல்லாவிட்டால் சந்தையில் ஒரு வியாபாரமும் நடக்காது. ஆனால் மனிதன் அவ்வளவோடு நிற்கலாமா? பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த குழந்தை யாருடைய மகள் என்று பார்த்துவிட்டா பக்கச்சட்டம் ஒடியும்?

அவனைச் சமாதானப்படுத்த நான் ஒரு வாதம் எடுத்தேன். கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆகிவிட்டது, அந்தப் பையன் வேறு, நீ வேறு என்றேன். அவன் கராஜ்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழக்கைச் சொன்னான். 'ஓல்டு நம்பர் ஒன்' என்று ஒரு பென்ட்லி கார். 1929-லும் 1930-லும் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த வண்டி. பிறகு அதன் சட்டம் மாறியது, இன்ஜின் மாறியது. 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ விபத்தில் இறந்தார். அப்புறம் உடலும் மாறியது. கோடி பவுனுக்கு விலை பேசி, வாங்க இருந்தவர்கள், 'இது அந்தக் கார் இல்லை, அதில் பழையது எதுவுமே பாக்கி இல்லை' என்று பின்வாங்கினார்கள். 1990-இல் லண்டன் நீதிபதி தீர்ப்புச் சொன்னார்: ஜெயித்த நாளின் பாகங்கள் ஏறக்குறைய இல்லைதான், ஆனாலும் இடையறாத ஒரே சரித்திரம் அந்த வண்டிக்கு இருக்கிறது, ஆகவே இது அதேதான்.

"பேர் எனக்குன்னா கடனும் எனக்குத்தான்டா" என்றான்.

நான் என்ன சொல்ல? கதை எழுதுகிறவன் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான் என்பது வாசகர்களின் பிரமை.

இங்கிலாந்தில் இப்போது நாற்பது வயது கடந்த வண்டிகளுக்கு, பெரிய மாற்றம் செய்யாதிருந்தால், வருஷாந்தரச் சோதனை கட்டாயம் இல்லை. 2018 மே மாதத்திலிருந்து அப்படி. அதாவது அந்த சில்லுக்குள் என்ன இருக்கிறது என்று எந்த அதிகாரியும் கேட்கப் போவதில்லை. என் சிநேகிதன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து இறுக்கி, உடல் வளையாதபடி செய்துகொண்டு, துருப்பிடித்த தகடு முழுவதையும் அறுத்து எடுத்தான். புதுத் தகடு வைத்து, விரல்கடை தூரத்துக்கு ஒரு பொட்டாகப் பற்றவைத்தான். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து நோட்டில் ஒட்டினான். ஒரு வெல்டு சரியாக ஊறவில்லை. அதைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைத்து, முதலில் தவறியதையும் எழுதினான். "இதை யாருடா படிக்கப் போறா?" என்றேன். "வாங்கறவன்" என்றான். அவன் பெண் கராஜ் வாசலில் நின்று, இதை எப்போது தான் ஓட்டலாம் என்று கேட்டாள். அந்த நோட்டை அவளிடம் நீட்டி, முதலில் படி என்றான்.

நான் புறப்படும் அன்று விமான நிலையத்தில், ஒரு சின்ன உதவி என்று டிராயிங் மாஸ்டரின் பழைய விலாசத்தைக் கொடுத்தான். தெருப் பெயர் மட்டும்தான் நிச்சயம். சென்னையில் விசாரித்துப் பார்க்கவேண்டும். அவரோ, பிள்ளைகளோ, யாராவது.

வந்து இரண்டு மாதம் கழித்துப் போனேன். தெரு இருந்தது. பாதி வீடுகள் அடுக்கு மாடிகளாகிவிட்டன. முனையில் ஒரு பழைய இஸ்திரிக் கடை, அதில் எழுபது வயதுக்காரர் ஒருவர். அந்தத் தெருவில் இருந்தவர்கள் எல்லாரையும் அவருக்குத் தெரியும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பக்கத்திலிருந்த டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஹெரால்ட் கார் வைத்திருந்த மாஸ்டர் என்று ஆரம்பிக்க வேண்டியதுதான். அவர் முகம் எப்படி மாறுமோ என்று பயந்துகொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் ராத்திரி அவன் போனில் கேட்டான், "அந்தத் தெருவுக்குப் போனியாடா?"

"நேத்துகூடப் போயிருந்தேன்" என்றேன்.