விரிசலைச் சொல்லணுமா?



ஒரு பழைய வீடு விலைக்கு வருது. அதில் ஒரு பெரிய குறை இருக்கு. அது விற்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். வாங்க வர்றவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்காததைத் தானாகச் சொல்ல வேண்டுமா?

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு இப்போது இதே தர்மசங்கடம். கணவர் இல்லை. மகள் கல்யாணத்துக்காக வீட்டை விற்கிறார். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி மேலே ஏறுகிற ஒரு விரிசல். ரெண்டு தடவை பூசியும் மறுபடி வாய் திறந்தது. இப்போ பெயின்ட் அடிச்சுப் பளிச்சுன்னு இருக்கு. வாங்க வந்திருப்பது கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னா, ஒரு விரிசலை மறைச்சா என்ன?" என்றாராம் தரகர். "சொன்னா விலை விழுந்துடும் அண்ணே, சொல்லாம விட்டா பாவமா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

பூச்சில் முடி போல ஓடும் கோடு பெரும்பாலும் பயப்படும்படி இருக்காது. செங்கல் வரிசையோடு படிப்படியாக ஏறினால், அது அஸ்திவாரம் இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதன்மேல் நிற்கும் பழைய வீடுகளில் இது சகஜம். நாமோ பூஜை அறை எந்தத் திசை என்று கேட்போம், 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். வில்லங்கச் சான்றிதழில் கடன் தெரியும், விரிசல் தெரியாது.

இந்தக் கேள்வி ரொம்பப் பழசு. கி.மு. 44-இல் ரோமாபுரி அறிஞர் சிசரோ, கடமைகள் பற்றி எழுதிய நூலில் இதையே எடுத்துப் பேசுகிறார். மரங்கள் கெட்டு விழும் நிலையில் ஒரு வீடு, சொந்தக்காரருக்கு மட்டுமே அது தெரியும். 'வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தலையே' என்பது ஒரு கட்சி. 'வழி தெரியாதவனுக்கு வழி சொல்லாமல் விடுவதைவிட இது மோசம்' என்பது மறுகட்சி. மறைத்தது தப்பு என்றுதான் சிசரோ முடிக்கிறார். நம் நாட்டுச் சட்டமும் அந்தப் பக்கம்தான். 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு: வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை, தெரிந்த விற்பனையாளர் சொல்லியாக வேண்டும்.

என் மனசுக்குப் படுவது இது. சமையல்கட்டு சின்னது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை, வந்தவரே பார்ப்பார். விரிசல்மேல் பெயின்ட் அடிச்ச பிறகு நாம் சும்மா இருப்பதாகச் சொல்ல முடியாது. அந்தப் பெயின்ட்டே பொய் பேசுது. அவர்களிடமிருந்து நாம் எடுப்பது பணம் மட்டுமல்ல. குழந்தைக்கு எந்தச் சுவரோரம் தூளி கட்டலாம் என்று தெரிந்து முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்தே எடுக்கிறோம்.

'உண்மை பேச வசதி வேணும் சார்' என்பார்கள். நிஜம்தான், அந்த அம்மாவுக்கு இதில் நஷ்டம் உண்டு. அதனால்தான் சொன்னேன்: "முதல்ல ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்கம்மா. சரி செய்ய எவ்வளவு ஆகும்னு எழுதி வாங்குங்க. அந்தத் தாளைக் காட்டி விலை பேசுங்க." தெரியாத விரிசல் வந்தவரை ஓட வைக்கும். கணக்குப் போட்ட விரிசல் விலையில் கழிந்துவிடும்.

வாங்குகிறவருக்கும் தர்மம் உண்டு. ரிப்பேருக்கு ரெண்டு லட்சம் என்றால் ரெண்டு லட்சம் குறைத்துக் கேட்கலாம். கல்யாணத் தேதி நெருங்குதுன்னு தெரிந்துகொண்டு, விரிசலைப் பூதமாக்கி அடிமாட்டு விலைக்குக் கேட்டால், அதுவும் அதே பொய்தான்.

வீடு விற்கவோ வாங்கவோ இருக்கிற உங்கள் சொந்தக்காரர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள். விரிசலின் ரெண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதிவைக்கச் சொல்லுங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் வளர்ந்தால் சுவரே சொல்லிவிடும். அதுக்கு முன்னாடி மனுஷன் சொல்லிவிடுவதுதான் அழகு.