யுத்த காலமும் சாமானியர் சாட்சியும்

யுத்தங்களின் சரித்திரத்தைப் புரட்டுவோர்க்குத் தளபதிகளின் பெயர்கள் கிடைக்கும். போர்க்கப்பல்களின் பெயர்களும் கிடைக்கும். கடையைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய மனிதனோ அங்கே வெறும் ஓர் எண்ணாக நிற்பான். அவன் எதை உண்டான், எதற்கு அஞ்சினான், எதை விரும்பினான் என்று கேட்பாரில்லை. இக்குறையைப் போக்க வந்தவையே சாமானியரின் யுத்த கால வாழ்வையும் எண்ணத்தையும் காட்டும் ஆவணப்படங்கள். அவற்றால் விளையும் நன்மையை யாரும் மறுக்கமாட்டார். ஆயின் அவற்றோடு ஒரு வினாவும் பிறக்கிறது. சாமானியன் வாய் திறந்து, நமக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிட்டால், அதை அப்படியே வைப்பதா, திருத்தி வைப்பதா?

இவ்வினா நமக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஜெலுத்தோங் வட்டாரத்து இளைஞர்கள், ஜப்பானியர் காலத்தைக் கண்ட முதியோர்களின் பேச்சைச் சிறு படமாக எடுக்க முனைந்தபோது நம் வாசலுக்கே வந்தது.

அக்காலத்தைச் சற்றே நினைவுகூர்வோம். 1941 டிசம்பர் 11-ஆம் நாள் பினாங்கு நகரின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. விமானங்களை வேடிக்கை பார்க்க வீதியில் கூடிய மக்கள் அவ்வீதியிலேயே மாண்டனர். அடுத்த சில நாட்களில் ஆங்கில ஆட்சியாளர் வெள்ளையர்களைக் கப்பலேற்றிக்கொண்டு இரவில் தீவை விட்டு நீங்கினர். நாட்டு மக்கள் கைவிடப்பட்டனர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ஓர் ஆங்கில அதிகாரியல்லர். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியராயிருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. டிசம்பர் 19-ஆம் நாள் ஜப்பானியப் படை ஊருக்குள் புகுந்தது. 1945 செப்டம்பர் வரை அவர்கள் ஆட்சியே நடந்தது.

படத்திற்குப் பேசியவர்களில் எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஜப்பானியர் வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் சூரியக்கொடி கொடுத்தார்கள். ஆட்டினோம். நான் சந்தோஷமாகத்தான் ஆட்டினேன். எங்களை விட்டுவிட்டு ஓடின வெள்ளைக்காரனுக்கு நல்லா வேணும் என்று நினைத்தேன்" என்றார் அவர்.

படத்தை முதலில் பார்த்த அவருடைய மகனார் நம்மிடம் வந்தார். "அத்தா சொன்ன அந்த வார்த்தை வேண்டாம். பயத்தில் ஆட்டினார் என்று போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் சீனர் என்ன நினைப்பார்?" என்று கேட்டார். அவர் கேட்டது புகழுக்காக அன்று. 1942-இல் இத்தீவில் ஜப்பானியர் சீன மக்களை வரிசையில் நிறுத்தி, முகமூடியிட்ட ஒற்றர்கள் கைகாட்டியவர்களையெல்லாம் பிடித்துச் சென்றனர். அப்படிச் சென்றவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய பேரர்களோடுதான் நாம் இன்று சுவரைப் பங்கிட்டு வாழ்கிறோம். அண்டை வீட்டார் மனம் நோகக்கூடாது என்று ஒரு மகன் நினைப்பது எளிதில் தள்ளத்தக்க காரணமன்று.

மேலும், அச்சத்தில் சொன்ன சொல்லுக்கு மன்னிப்பு உண்டு என்பது நம் மார்க்கம் கற்பித்த பாடம். மக்கத்துப் பகைவர்களின் சித்திரவதை தாளாமல் அம்மார் (ரலி) அவர்கள் வாயால் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அழுதபோது, அவர்களுடைய உள்ளம் எவ்வாறிருந்தது என்றுதான் நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். நிர்ப்பந்தத்தில் அசைந்த நாவைக்கொண்டு மனிதனை எடை போடலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆகவே, 'பயத்தில் ஆட்டினார்' என்று எழுதிவிட்டால் பெரியவர்மீது ஒரு பழியும் வராது. அண்டை வீட்டார்க்கும் வருத்தமிராது. ஆனால் அது உண்மையன்று. இங்கேதான் சிக்கல்.

இத்தகைய திருத்தம் உலகுக்குப் புதிதன்று. 1942-இல் ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் முதலானோர் ஆங்கில அரசாங்கத்திற்காக எடுத்த 'பிரிட்டனைக் கேளுங்கள்' என்னும் படத்தில் தொழிலாளரும் சிப்பாய்களும் பாடுகின்றனர், ஆடுகின்றனர், உழைக்கின்றனர். அழகிய படம் என்பதில் ஐயமில்லை. முணுமுணுப்பவர் ஒருவரையும் அதில் காணோம். 1957-இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' கதைப்படமேயாயினும், சயாம் – பர்மா ரயில் பாதையை உலகம் அறிந்தது அதன் வழியாகத்தான். அதில் வெள்ளைக்காரக் கைதிகள் உண்டு. அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக அங்கே உழைத்து மடிந்த ஆசியத் தொழிலாளர்க்கு அதில் இடமில்லை.

இதற்கு மாறானதொரு படமும் உண்டு. ஜெர்மானியர் ஆண்ட நாளில் கிளெர்மோன்-ஃபெரான் என்னும் பிரெஞ்சு நகரத்து மக்கள் எவ்வாறிருந்தனர் என்பதை, அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து மார்செல் ஓஃபுல்ஸ் 1969-இல் ஒரு படம் செய்தார். எதிர்த்து நின்றவரும் பேசினர், ஒத்துப்போனவரும் பேசினர், ஒதுங்கியிருந்தவரும் பேசினர். நாடே வீரமாக எதிர்த்தது என்று நம்பியிருந்தவர்களுக்கு அது கசந்தது. பிரெஞ்சு அரசாங்கத் தொலைக்காட்சி 1981 வரை அப்படத்தைக் காட்டவில்லை. ஒரு நாட்டின் அரசாங்கமே தன் மக்களின் சொல்லுக்கு அஞ்சியதென்றால், ஒரு மகன் அஞ்சுவதைக் குறை கூற நாம் யார்?

எனினும் நாம் பெரியவரிடமே திரும்பிச் சென்றோம். அவர் சொன்ன சொல் அவருடையது. அதை நீக்கும் உரிமையும் அவருடையதே. மகனார் கூறியதை அவரிடம் எடுத்துரைத்தோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு தம் அண்ணனைப் பற்றிச் சொன்னார். கெடாவில் ஒரு தோட்டத்துக் கடையில் நின்ற அண்ணனை 1943-இல் ரயில் வேலைக்குக் கொண்டுபோயினர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் ஏறத்தாழ 60,000 நேசநாட்டுக் கைதிகள் வேலை செய்தனர். 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சத்தை ஒட்டியிருந்தனர் என்பர். அவர்களில் மாண்டவர் தொகை 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுவோர் உளர். கைதிகளின் கல்லறைகளில் பெயர் பொறித்திருக்கிறது. அண்ணன் திரும்பவில்லை, அடக்கப்பட்ட இடமும் தெரியவில்லை.

"முதலில் சந்தோஷம்தான் தம்பி. பயம் பிறகு வந்தது. அண்ணன் போன பிறகு அந்தக் கொடியைப் பார்த்தாலே வயிறு எரியும். இரண்டும் நான்தான். வரிசையை மாற்றிவிடாதீங்க" என்றார்.

அவர் வாய்மொழியே நமக்கு விடையாயிற்று. மனிதனுடைய கருத்துக்கும் ஒரு தேதி உண்டு. 1942-இல் ஒரு சிறுவன் எண்ணியதை 1945-இன் அறிவைக்கொண்டு திருத்தினால், அவன் எதை நம்பி ஏமாந்தான் என்பதையே நாம் இழந்துவிடுகிறோம். கைவிடப்பட்ட மக்கள், வந்தவன் யாராயினும் மகிழ்ச்சியோடு கொடி ஆட்டக்கூடும் என்பது பின்வரும் தலைமுறை அறியவேண்டிய உண்மை. 'பயத்தில் ஆட்டினார்' என்று எழுதினால் அந்தப் பாடம் மறைந்துபோகும். அச்சமே இல்லாத இடத்தில் அச்சத்தை எழுதுவதும், அச்சத்தில் சொன்னதை விருப்பம் என்று எழுதுவதும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்களே.

பக்கத்து வீட்டாரின் துயரத்திற்கு என்ன பதில்? அவர்களுடைய சொல்லையும் கேட்டு அருகில் வைப்பதே பதில். தந்தையை வரிசையில் பறிகொடுத்த சீன மூதாட்டி ஒருவரிடம் நம் இளைஞர்கள் சென்றனர். அவர் ஹொக்கியன் மொழியில் சொல்ல, அவருடைய பேரன் மலாயில் பெயர்த்துச் சொன்னார். படத்தில் அவர் பேச்சு பெரியவரின் பேச்சுக்கு அடுத்தே வருகிறது. ஒரு சிறுவனின் மகிழ்ச்சியைக் காட்டிவிட்டு, அதே மாதங்களில் அடுத்த தெருவில் நடந்த கொடுமையைக் காட்டாமல் விட்டிருந்தால் நாமும் பொய் சொன்னவர்களாவோம். மகனார் படத்தை மீண்டும் பார்த்தார். அவருக்கு முழு மனநிறைவு உண்டாயிற்று என்று சொல்வதற்கில்லை. ஆனால் நீக்கச் சொல்லவில்லை.

பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அல்லாஹ் அவருக்கு மறுமையில் நற்பதவி அளிப்பானாக! அக்காலத்தைக் கண்ட கண்கள் நம் வட்டாரத்தில் இன்னும் விரல்விட்டு எண்ணத்தக்கவையே எஞ்சியுள்ளன. அன்பர்களே, உங்கள் இல்லங்களில் அத்தகைய முதியோர் இருப்பின் இன்றே அருகில் அமர்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தெரு, எத்தனை வயது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதிர்பார்த்ததை அவர்கள் சொல்லாவிட்டால் முகம் சுளிக்காதீர்கள். பிறர் சொல் நம்மிடம் வைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைக் காப்பவன் அதைப் பெற்ற வண்ணமே திருப்பித் தரக் கடமைப்பட்டவன்.